மதுரை மறுகும் உடைப்பொலிவும்

1. ஆய்பொருள்

பழந்தமிழ் நூல்களில் வரும் நகர வருணனைகளைக் கற்போர், அவற்றுள் உடை பற்றிய பகுதிகளை விரைந்து கடந்து செல்லுதல் இயல்பு. அரசனது வென்றியும் கொடையுமே பாட்டின் பொருள் என்றும், ஆடையும் அணியும் அப்பொருளுக்கு இட்ட ஒப்பனை என்றும் கருதுவார் உளர். அக்கருத்துப் பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் முதல் வினா. மறுகில் நடப்பார் உடுத்த உடையைப் புலவர் இத்துணை நுட்பமாக நோக்கியது எற்றுக்கு, அந்நோக்கில் அமைந்துள்ள மதிப்பீடு யாது என்பனவற்றை மதுரை பற்றிய பாடல்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம். இரண்டாம் வினா நம் காலத்தது. அங்காடி தெருவை விட்டுக் கைபேசித் திரையிற் குடிபுகும் இந்நாளில் அம்மதிப்பீட்டுள் எது நிற்கும், எது நீங்கும் என்பதே அது.

மதுரையை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. சங்கப் புலவர் வரிசையில் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்பார் ஒருவர் காணப்படுகின்றார். அறுவை என்பது துணி. துணி விற்ற கையே பாட்டும் எழுதிய ஊர் இது. அந்நகரின் இன்றைய மறுகுகளுள் கோரிப்பாளையத்தை யாம் சான்றாகக் கொள்கின்றோம். 1889-ஆம் ஆண்டில் வையையின் குறுக்கே கட்டப்பெற்ற ஆல்பர்ட் விக்டர் பாலம் வடகரையில் வந்து முடியும் நாற்சந்தி அது. 'கோர்' என்னும் பாரசீகச் சொல்லுக்குக் கல்லறை என்பது பொருள். அங்குள்ள தர்காவினாலேயே ஊர் அப்பெயர் பெற்றது. அதனைச் சூழ அமெரிக்கன் கல்லூரியும், மீனாட்சி அரசு மகளிர் கலைக் கல்லூரியும், அரசு இராசாசி மருத்துவமனையும், சற்று அப்பால் தமுக்கமும் அமைந்துள்ளன. ஆதலின் வெள்ளை வேட்டியும், கருநிறப் பர்தாவும், சுங்குடிச் சேலையும், ஜீன்ஸும், செவிலியர் உடையும் ஒரே சந்தியில் ஒரே பொழுதில் எதிர்ப்படுகின்றன. உடுத்தார் எல்லாரும் அங்கே பார்ப்பாரும் பார்க்கப்படுவாரும் ஆகின்றனர். இவ்விரு நிலையும் ஒருங்கு கூடுமிடமே மறுகு என்று வரையறுத்துக்கொண்டு மேலே செல்வோம்.

2. சொல் தரும் செய்தி

துணியைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் தொழிலை மறவாதன. அறுக்கப்படுவது அறுவை, துணிக்கப்படுவது துணி, மடிக்கப்படுவது மடி. தறியினின்று இறங்கிய நெடுந்துணி கத்தியைக் கண்ட பின்னரே ஒருவர்க்கு உரியதாகின்றது என்னும் உண்மையை முதலிரு சொற்களும் காட்டுகின்றன. கலிங்கம் என்பதோ ஒரு நாட்டின் பெயரைத் துணியின் பெயராக்கியது. அயலிலிருந்து வந்தது என்பதே ஒரு பொருளுக்கு மதிப்பைத் தருதல் புதிய வழக்கன்று என்பதற்கு இச்சொல் ஒன்றே சான்றாகும்.

தைத்த உடைக்கும் தைக்காத உடைக்கும் இடையேயுள்ள வேறுபாடும் கருதத்தக்கது. முல்லைப்பாட்டில் பாசறை காக்கும் யவனர் மெய்ப்பை அணிந்தவராகக் காட்டப்படுகின்றனர். மெய்ப்பை என்பது சட்டை. உடம்பைப் பையிலிட்டாற் போன்றது என்னும் வியப்பு அச்சொல்லுள் ஒளிந்துள்ளது. சிலப்பதிகாரம் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் துன்னகாரரைக் குறிப்பதனால் தையல் வினைஞரும் தமிழ் நகரத்தில் வாழ்ந்தமை அறியப்படும். ஆயினும் மெய்ப்பை காண்பார்க்குப் புதுமையாகத் தோன்றிய காலம் ஒன்று இருந்தது என்பது தெளிவு. அன்று அயலவர் உடையாக எண்ணப்பட்ட சட்டை இன்று ஆடவர் அனைவர்க்கும் பொதுவுடையாயிற்று. இன்று அயல் என்று இகழப்படும் உடைக்கும் இதுவே நேரலாம்.

இக்காலத்தார் பேச்சில் 'ஃபேஷன்' என்று வழங்குவதனை ஒரு தலைமுறைக்கு முன்னர் 'நவநாகரிகம்' என்றனர். நாகரிகம் என்னும் பழஞ்சொல்லின் முன் 'நவ' என்னும் அடையைச் சேர்த்த அளவில் பொருள் எவ்வளவு மாறிற்று என்பதனைக் கட்டுரையின் முடிபிற் காண்போம்.

3. செல்வர் உலா

மாங்குடி மருதனார் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கிப் பாடிய மதுரைக்காஞ்சி 782 அடிகளை உடையது. பத்துப்பாட்டுள் மிக நீண்டது. அதன்கண் நாளங்காடியின் ஆரவாரத்தை அடுத்துச் செல்வரின் உலா வருகின்றது. அவர் உடுத்த பூத்தொழிற் கலிங்கம் செவ்வானம் போலச் சிவந்து, நுண்ணிதாய், காண்பார் கண்ணைக் கூசச் செய்வது. அதனைப் பொன் வேய்ந்த வாளொடு பொலியக் கட்டியுள்ளனர். தானையின் தொங்கல் தேரின் பிரம்பின்மேற் புரள்கின்றது.

இப்பகுதியில் மூன்று செய்திகள் நோக்கத்தக்கன. முதலாவது, உடை தனியே கூறப்படவில்லை. வாள், தேர், நடை ஆகியவற்றோடு சேர்த்தே கூறப்படுகின்றது. ஒருவன் உடுத்தது எது என்பதோடு, எதனோடு எவ்வாறு உடுத்தான் என்பதும் புலவர்க்குப் பொருளாகின்றது. தெருவிற் காணும் உடையை ஆராய்வார் இன்றும் கொள்ளும் முறை இதுவே. இரண்டாவது, கண் கூசுதல் என்னும் விளைவு உடுத்தானிடம் நிகழ்வதன்று, பார்த்தானிடம் நிகழ்வது. பொலிவு என்பது துணியின் பண்பு மட்டுமன்று. இருவர்க்கிடையே நிகழ்வது என்பது இதனால் விளங்கும். மூன்றாவது, உவமை. செக்கர் வானம் அழகியது, ஆனால் நில்லாதது. பாட்டின் பெயரிலேயே காஞ்சி என்பது நிற்கின்றது. நிலையாமையை அரசனுக்கு அறிவுறுத்தப் பிறந்த பாட்டில், செல்வரின் செவ்வுடைக்குச் செக்கரை உவமையாக்கியது நிறம் ஒன்றே கருதியன்று என்பது எம் கருத்து. மிகச் சிறந்த பொழுதிலேயே மறையத் தொடங்குவது செக்கர். புதுப்பாணி உடையின் இயல்பும் அதுவே. எல்லாரும் கண்டு வியந்த அப்பொழுதே அது பழமையை நோக்கி நடக்கத் தொடங்குகின்றது.

'செக்கர் என்பது செந்நிறத்துக்குப் பழகிய உவமை. அதனுள் நிலையாமையைக் காணுதல் வலிந்து கோடலாகும்' என்று ஒரு தடை எழலாம். செக்கர் என்னும் சொல் பிற பாடல்களில் நிறத்துக்கு மட்டும் உவமையாதல் உண்மையே. ஆயினும் உவமையின் பொருளை வரையறுப்பது அது நிற்கும் பாட்டு. செல்வர் உலாவைத் தொடர்ந்து, நிரைநிலை மாடங்களில் நின்று காணும் மகளிர் மேகத்துட் புகுந்து மறையும் மதியைப் போலத் தோன்றி மறைகின்றனர் என்று புலவர் கூறுகின்றார். அடுத்தடுத்து வரும் இரண்டு உவமைகளும் வானத்தில் தோன்றி மறைவனவற்றையே கொண்டமை தற்செயலாகாது.

4. கம்மியர் குழு

செல்வர் உலாவுக்குப் பின்னர்ப் புலவர் தொழிலாளரிடம் வருகின்றார். சங்கறுப்பார், மணி குயிற்றுவார், பொன்னுரை காண்பார், கலிங்கம் பகர்வார் எனப் பலர் நிரலே கூறப்பட்டபின், ஓவியராகிய கண்ணுள் வினைஞர் வருகின்றனர். அவர்தம் நுண்ணோக்குப் புகழப்படுகின்றது. அவரை அடுத்து, குறியனவும் நெடியனவுமாகிய மடித்த துணிகளை விரித்துக்கொண்டு, சிறியரும் பெரியருமாகிய கம்மியர் நால்வேறு தெருவிலும் காலொடு கால் நெருங்க நிற்கின்றனர். விரித்த மடிகள் தெளிந்த நீரின்கீழ் விளங்கும் அறல்மணல் போலத் தோன்றுகின்றன.

இதனினும் சிறந்த துணிக்கடைக் காட்சி தமிழில் உண்டோ என்பது ஐயமே. அறல் என்பது நீரோட்டம் மணலில் எழுதிச்செல்லும் வரி வரியான மடிப்பு. ஆற்றங்கரையில் வாழ்வார்க்கன்றி இவ்வுவமை எளிதில் தோன்றாது. மடித்த துணியை வரிசையாக அடுக்கி விரித்தால் அதன் விளிம்புகள் அவ்வாறே தோன்றும் என்பதனை இன்றும் எந்தத் துணிக்கடையிலும் காணலாம்.

ஆயினும் திறனாய்வாளர் கருத்தைக் கவர வேண்டியது உவமையினும் அமைப்பே. உடுப்பாரை முன்னர்க் காட்டிய புலவர், உடையை ஆக்குவாரையும் விற்பாரையும் பின்னர்க் காட்டுகின்றார். கம்மியர் என்னும் சொல் தொழில் செய்வாரைக் குறிப்பது. செல்வன் தேரின்மேற் செல்கின்றான். கம்மியர் தரையில் நிற்கின்றனர். ஆயினும் இரு திறத்தாரும் ஒரே மறுகில் உளர். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தப்புவதில்லை. அன்றியும், துணி வாணிகத்தை அடுத்தே ஓவியரை வைத்தமை பொருளுடையது. உடை செழிக்கும் இடத்தில் உடையை நோக்கும் கண்ணும் செழிக்கின்றது. அண்மைக் காலத்தில் நியூயார்க் நகரத் தெருக்களில் மிதிவண்டியிற் சென்று, நடப்பார் உடையைப் பல்லாண்டு ஒளிப்படம் எடுத்த பில் கன்னிங்காம் (1929-2016) என்பாரை உலகம் அறியும். எளிய தொழிலாளரின் நீலச் சட்டையே அவர் உடையாக இருந்தது. புகழ்பெற்றார் முகத்தினும் நன்கு உடுத்தார் உடையையே அவர் நாடினார் என்பர். அத்தகைய நோக்குக்கு உரியாரை மாங்குடி மருதனார் துணிக்கடைப் பக்கத்திலேயே நிறுத்தியுள்ளார்.

5. இரவும் விடியலும்

மதுரைக்காஞ்சியில் உடை பற்றி இன்னும் இரண்டு காட்சிகள் உள்ளன. நள்ளிரவில் திரியும் கள்வர் இருளோடு ஒன்றும் நீலக் கச்சு அணிந்துள்ளனர். மெல்லிய நூலேணியை உடம்பிற் சுற்றியுள்ளனர். செல்வர் உடை பிறர் காண உடுத்தது. கள்வர் உடை பிறர் காணாமைப் பொருட்டு உடுத்தது. உடை காட்டவும் வல்லது, மறைக்கவும் வல்லது என்னும் இரு தொழிலையும் ஒரே பாட்டில் எதிரெதிர் நிறுத்திய புலவரை, உடையை ஒப்பனையளவில் நோக்கினார் என்று கூறுதல் எங்ஙனம்?

விடியலில் அரசன் உடுக்கின்றான். அவன் கலிங்கம் சோற்றுக் கஞ்சி தோய்த்தது. நாட்டின் தலைவன் உடையிலும் அடுக்களையின் கஞ்சி மணக்கின்றது என்பது எண்ணி மகிழத்தக்கது. இதனொடு நக்கீரர் பாடிய நெடுநல்வாடையையும் ஒப்பிடலாம். அங்கே தலைவனைப் பிரிந்த அரசி பூந்துகிலை நீத்து மாசேறிய நூலாடை உடுத்திருக்கின்றாள். காண்பான் இல்லாவிடத்துப் பொலிவும் இல்லை. பாணர்க்கு மன்னர் ஈந்த துகில், இழை சென்ற வழியைக் கண்ணால் அறியலாகாத அளவு நுண்ணிது என்றும், பாம்பின் உரி போல்வது என்றும் பொருநராற்றுப்படை கூறுவதும் ஈண்டு நினையத்தக்கது. இழையின் வழியைத் தேடிப் பார்க்கும் கண் துணியின் தொழிலை அறிந்த கண்.

இவற்றால் யாம் பெறும் முடிபு ஒன்று. பழைய நகர வருணனையில் உடை என்பது மாந்தர்க்கிடையேயுள்ள உறவின் குறி. யார் காண்கின்றார், யார் காணப்படுகின்றார், யார் நெய்தார், யார் நல்கினார் என்னும் நான்கு வினாவும் உடையிற் கூடி நிற்கின்றன.

6. உரைகாரர் பட்டியல்

சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் கோவலன் மதுரையின் அறுவை வீதியைக் காண்கின்றான். நூலாலும் மயிராலும் பட்டாலும் இயன்ற மடிகள் நூற்றுக்கணக்கில் அடுக்கப்பெற்ற வீதி அது. இப்பகுதிக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் 36 வகைத் துகில்களின் பெயர்களை அடுக்கித் தருகின்றார். கோசிகம், பீதகம், பச்சிலை, அரத்தம், நுண்டுகில், கோங்கலர், சித்திரக்கம்மி, குருதி, கவற்றுமடி, பொன்னெழுத்து, குச்சரி, தேவகிரி, வெண்பொத்தி, செம்பொத்தி என்பன அவற்றுட் சில.

இப்பெயர்களை வகைப்படுத்தி நோக்கின் நகர வாழ்வின் சுவை புலனாகும். பச்சிலை, அரத்தம், குருதி என்பன நிறத்தாலும், கோங்கலர் என்பது பூவின் சாயலாலும், சித்திரக்கம்மி, பொன்னெழுத்து என்பன வேலைப்பாட்டாலும் பெற்ற பெயர்களாகக் கொள்ளலாம். குச்சரி என்பது கூர்ச்சரத்தையும், தேவகிரி என்பது தக்கணத்து நகரையும் நினைவூட்டுகின்றன. கவற்றுமடி என்பதில் சூதாடு கருவியாகிய கவற்றின் பெயர் கேட்கின்றது. நிறம், பூ, வேலைப்பாடு, ஊர் என்று பாகுபடுத்தும் இம்முறையே இன்று திரை அங்காடியிலும் நிறம், துணி, வேலைப்பாடு, விற்பனைப்பெயர் என்னும் தெரிவுப் பட்டியலாக நிற்கின்றது. பட்டியல் இடுதல் நகரத்தின் பழைய இன்பம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. உரைகாரர் பட்டியல், கேட்ட மாணவன் நெஞ்சில் துணியின் வகையறிவை வளர்த்தது. திரையின் பட்டியல் வாங்கிய அளவில் மறைந்து மற்றொன்றுக்கு இடம் தருகின்றது.

7. அழகர் உடுத்தும் பட்டு

உடையை ஊரார் ஒருங்கே நோக்கிப் பொருள் கொள்ளும் வழக்கம் ஏட்டோடு நின்றுவிடவில்லை. சித்திரை முழுமதி நாளில் கள்ளழகர் குதிரை வாகனத்தில் வையையுள் இறங்கும் இடம் கோரிப்பாளையத்துக்கு மிக அணித்து. அன்று அவர் உடுத்து வரும் பட்டின் நிறம் அவ்வாண்டின் பலனை அறிவிக்கும் என்பது மக்கள் நம்பிக்கை. பெட்டியுள் பல நிறப் பட்டுகள் வைக்கப்பட்டிருக்கும். பட்டர் பார்த்துத் தெரிந்தெடாமல் கையில் அகப்பட்டதை எடுத்து அணிவிப்பர் என்பர். பச்சை வந்தால் நாடு செழிக்கும் என்று மகிழ்வர். சிவப்பு வந்தால் கலங்குவர். உழவரும், வணிகரும், மாணவரும், இரவெல்லாம் விழித்த முதியோரும் ஒரே நிறத்தை எதிர்நோக்கி ஆற்றில் நிற்கின்றனர்.

இவ்வழக்கின் மெய்ம்மை பொய்ம்மையை ஆராய்தல் இக்கட்டுரையின் வேலையன்று. உடை ஒரு மொழி என்பதனையும், அம்மொழியின் பொருளை அறிந்த மக்கள் ஒருங்கு கூடி நிற்க ஒரு வெளி வேண்டும் என்பதனையும் இது காட்டுகின்றது. உடைநலத்தை ஒருங்கு கண்டு மகிழும் கூட்டம் இன்றைய பெருநகரங்களில் விடுதிக் கூடங்களில் விருந்தாக நிகழ்கின்றது. அங்கே அழைப்பும் கட்டணமும் உண்டு, வாயிற்காவலும் உண்டு. ஆற்று மணலில் அவை இல. மதுரையின் மிகப் பெரிய உடைவிழா இன்றும் கூரையில்லா வெளியிலேயே நிகழ்கின்றது எனலாம்.

8. மறுகின் மற்றொரு முகம்

இதுகாறும் மறுகின் சிறப்பையே கூறினோம். அதனோடு நிறுத்தின் ஆராய்ச்சி ஒருபாற் கோடியதாகும். காணும் கண் வியக்கும். அதுவே தடுக்கவும் செய்யும். பிறர் உடையைத் தெரு தன் உடைமையாகக் கருதித் தீர்ப்புக் கூறிய வரலாறு நம் நாட்டில் நெடியது. திருவிதாங்கூரில் தோள்சீலை அணியும் உரிமைக்காக நாடார் மகளிர் பல்லாண்டு போராட வேண்டியிருந்தது. 1859-ஆம் ஆண்டு சூலை 26-ஆம் நாள் வெளியான அரசாணையே அதற்கு வழிவிட்டது. மதுரையை அடுத்த இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930-ஆம் ஆண்டில் ஆதிதிராவிடர்மேல் ஆதிக்கச் சாதியார் விதித்த எட்டுத் தடைகளுள், ஆடவர் இடுப்பின்மேலும் முழங்காலின் கீழும் ஆடை அணியலாகாது என்பதும், பொன் வெள்ளி அணிகலன் பூணலாகாது என்பதும் இடம்பெற்றன. மறுகில் நன்கு உடுத்து நடத்தல் சிலர்க்கு இன்பம். சிலர்க்கு அதுவே உயிரைப் பணயம் வைத்த செயல். அழகு பற்றிப் பேசும் திறனாய்வு இதனை மறத்தல் ஆகாது.

இத்தடை பிற்காலத்தில் வேறு உருக்கொண்டது. 2014-ஆம் ஆண்டு சூலையில் சென்னையில் மன்றம் ஒன்றில், வேட்டி உடுத்து வந்த உயர்நீதிமன்ற நீதியரசர் ஒருவர் உள்ளே விடப்படவில்லை. அதனைத் தொடர்ந்து, வேட்டி முதலிய தமிழர் உடை காரணமாகப் பொது இடங்களில் எவரையும் தடுத்தலாகாது என்று அவ்வாண்டே தமிழ்நாட்டுச் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டே எதிர்த்திசையில் ஒன்று நிகழ்ந்தது. 2015 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் தனி நீதியரசர் ஒருவர், கோயிலுக்கு வருவோர்க்கு உடை வரையறை செய்து ஆணையிட்டார்; ஜீன்ஸும் லெக்கின்ஸும் விலக்கப்பட்டன. 2016 சனவரியில் நடைமுறைக்கு வந்த அவ்வாணை அத்திங்களிலேயே தடுத்து நிறுத்தப்பட்டது. ஓரிடத்தில் வேட்டி தடை, ஓரிடத்தில் ஜீன்ஸ் தடை. இரண்டிலும் ஒரே மனநிலையே தொழிற்படுகின்றது. வாயிலில் நிற்பவன் உடையைக் கண்டு ஆளை அளக்கின்றான்.

உண்பதும் உடுப்பதும் அரசனுக்கும் வேட்டுவனுக்கும் ஒரே அளவின என்னும் பொருள்பட மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் புறநானூற்றிற் பாடினார். உடுப்பவை இரண்டு என்பது அவர் கணக்கு. அக்கணக்கினும் குறைத்தவர் ஒருவர் அதே மதுரையில் தோன்றினார். 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள், மேலமாசி வீதியிலுள்ள வீட்டில், காந்தியடிகள் சட்டையும் தொப்பியும் நீத்து இடையில் ஒற்றைத் துணியோடு வெளிவந்தார். கதர் வாங்கத் தமக்குப் பொருள் இல்லை என்று பயணத்தின்போது ஏழையர் கூறிய சொல் அவரை அம்முடிவுக்குச் செலுத்தியது. அச்செயலும் மறுகில் நிகழ்ந்த உடைமாற்றமே. கண்ட கண்களுக்காகவே அவரும் உடுத்தார். ஆயினும் கண் கூசப் பொலியாமல், தம் உடையைக் கண்டு ஏழையர் கூசாமல் இருக்கும் வண்ணம் உடுத்தார். 1959-இல் தமுக்கத்தில் திறக்கப்பெற்ற காந்தி நினைவு அருங்காட்சியகத்தில் அவர் இறுதியில் உடுத்திருந்த குருதி தோய்ந்த துணி காக்கப்படுகின்றது. கோரிப்பாளையத்திலிருந்து அவ்விடம் நடந்து செல்லும் தொலைவே.

9. திரை அங்காடி

இனி நம் காலத்து அங்காடிக்கு வருவோம். 2007-இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற ஃபிளிப்கார்ட் முதலில் நூல்களையே விற்றது. மிந்திராவும் அவ்வாண்டே தோன்றியது. 2014-இல் ஃபிளிப்கார்ட் அதனை வாங்கிக்கொண்டது. மீசோ 2015-இல் எழுந்தது. 2010-இல் ஃபிளிப்கார்ட் கொணர்ந்த 'பொருள் கைக்கு வந்தபின் பணம்' என்னும் முறை, வங்கி அட்டை இல்லாதாரையும் இவ்வங்காடிக்குள் கொணர்ந்தது. இன்று கோரிப்பாளையத்து மாணவி பேருந்துக்கு நிற்கும் பொழுதிலேயே குர்த்தி ஒன்றைத் தேர்ந்துவிடுகின்றாள்.

இம்மாற்றத்தை இழிவு என்று எளிதில் தள்ளுதல் தகாது. முற்பகுதியிற் காட்டிய தடைக் கண்கள் திரையில் இல்லை. கடையில் ஆடவரிடம் கேட்கக் கூசும் உள்ளாடையைப் பெண் அமைதியாக வாங்குகின்றாள். பருத்த உடம்பினர் விற்பனையாளரின் புன்னகைக்கு அஞ்சவேண்டுவதில்லை. சிற்றூரார் மகன் நகரக் கடையின் குளிர் அறைக்குள் நுழையத் தயங்கி நின்ற நிலை நீங்கிற்று. 'உனக்கு இது எதற்கு' என்று கேட்பார் அங்கே இலர். விடுதலை என்னும் சொல்லை இவ்விடத்துக் கூறுதல் மிகையாகாது.

ஆயினும் இழப்பும் உண்டு, அது மூவகைப்படும்.

முதலாவது, கையறிவு. துணி வாங்குவார் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே துணியைத் தேய்த்துப் பார்ப்பர். நிறத்தை அறியக் கடைவாயிலின் வெயிலுக்குக் கொண்டுவருவர். விளிம்பைப் பிரித்து இழையைக் காண்பர். இழை சென்ற வழியைத் தேடிய பழம்புலவரின் கண் இதுவே. திரையில் நிறம் விளக்கின் நிறம். இழை வெறும் சொல். மடி விரிந்து அறல்மணலாகத் தோன்றுவதற்கு அங்கே இடமில்லை; துணி விரிவதில்லை, நகர்கின்றது.

இரண்டாவது, பொதுநோக்கு. மறுகில் யாவரும் யாவரையும் காண்கின்றனர். திரையோ அவரவர் முன்னர் நோக்கியதனையே மீண்டும் மீண்டும் அவரவர்க்குக் காட்டுகின்றது. மறுகு ஒன்று, திரை பல. தமக்குப் பழகாத உடையை எதிர்பாராமற் கண்டு வியத்தலும், வெறுத்துப் பின் பழகுதலும் மறுகின் பயிற்சி. மெய்ப்பையைக் கண்டு வியந்த தமிழர் சட்டை அணியக் கற்றது அப்பயிற்சியால் என்க.

மூன்றாவதும் பெரியதும், கம்மியர் மறைவு. மதுரைக்காஞ்சியில் கம்மியர் துணியொடு தெருவில் நின்றனர். திரை அங்காடியில் அழகிய உருவம் துணியை உடுத்து நிற்கின்றது. நெய்தாரும் தைத்தாரும் நிற்பதில்லை. இதற்கு மதுரைச் சுங்குடியினும் சிறந்த சான்று வேண்டா. சௌராட்டிர மக்கள் மதுரையில் வளர்த்த தொழில் அது. பருத்திச் சேலையில் நூலாற் சிறு சிறு முடிச்சுகள் இட்டுச் சாயம் தோய்த்து, முடிச்சை அவிழ்த்தால் புள்ளி பூக்கும். ஒரு சேலைக்கு முடிச்சு ஆயிரக்கணக்கில் வேண்டும். அவ்வேலையைப் பெரும்பாலும் மகளிரே செய்தனர். கைம்முடிச்சுப் புள்ளிகள் ஒன்று போல் ஒன்று இரா. முடிச்சு நெருக்கிய இடத்தில் துணியிற் சிறு சுருக்கமும் நிற்கும். 2005-இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. எனினும் அச்சிட்ட புள்ளிச் சேலைகளும் சுங்குடி என்னும் பெயரிலேயே விற்கப்படுகின்றன. கையால் தொட்டவர் வேறுபாட்டை ஒரு நொடியில் அறிவர். படத்தில் இரண்டும் ஒன்றே. விலை குறைந்ததனை வாங்குவார்மேல் குற்றம் இல்லை. அறியும் வாய்ப்பே அவர்க்கு இல்லாமற் போயிற்று.

நெய்வாரை இலக்கியத்தின் நடுவில் நிறுத்தும் கடமையைப் புதினம் ஒருவாறு ஏற்றுக்கொண்டது. தொ.மு.சி. ரகுநாதனின் பஞ்சும் பசியும் (1953) நூல் கிடைக்காமல் நெசவாளர் பட்ட துன்பத்தைப் பொருளாகக் கொண்டது. மதுரைக்காஞ்சியில் ஒரு காட்சியாக நின்ற கம்மியர் அங்கே கதைத் தலைவர் ஆயினர். ஆனால் உடுப்பாரின் மகிழ்ச்சியை அது விரித்துக் காட்டவில்லை. நோக்கம் வேறாதலின் அது குறையன்று. உடுப்பார் இன்பத்தையும் நெய்வார் துன்பத்தையும் ஒரே மறுகில் நிறுத்திக் காட்டும் ஆற்றல் மாங்குடி மருதனாரிடம் இருந்தது. அத்தகைய புதினம் திரை அங்காடிக் காலத்துக்குத் தேவை என்பதனை எழுத்தாளர்க்கு நினைவூட்டுகின்றோம்.

10. முடிபு

நாகரிகம் என்னும் சொல்லைத் திருவள்ளுவர் ஆண்ட இடம் நினைக்கத்தக்கது. ஆடை அணிகளைப் பற்றியோ நகர வாழ்வைப் பற்றியோ கூறும் இடத்தில் அவர் அச்சொல்லை வைக்கவில்லை. கண்ணோட்டம் என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வைத்தார். கண்ணோட்டமாவது, தன்னோடு பழகினார்பால் கண் இரக்கத்தோடு சென்று படிதல். எனவே அவர் கருத்தின்படி நாகரிகம் உடுத்தான் உடம்பில் இல்லை. பார்ப்பான் கண்ணில் உள்ளது. நவநாகரிகம் என்று நாம் அடை சேர்த்தபொழுது அச்சொல்லைப் பார்ப்பானிடமிருந்து பறித்து உடுத்தானிடம் கொடுத்துவிட்டோம்.

மேற்கண்ட சான்றுகளையெல்லாம் இவ்வொன்றால் இணைக்கலாம். மாங்குடி மருதனார் கண் செல்வரை வியந்தது, கம்மியரையும் விட்டுவிடவில்லை. தோள்சீலையைத் தடுத்ததும், முழங்காலை அளந்ததும், மன்ற வாயிலில் வேட்டியை மறித்ததும் கண்ணே. ஆனால் கண்ணோட்டம் இல்லாக் கண். திரை அங்காடி கொடிய கண்ணிலிருந்து நம்மை விடுவித்தது. அதனோடு கனிந்த கண்ணையும் நீக்கிவிட்டது. மறுகைத் துறந்து திரைக்குள் ஒதுங்குவதும், திரையைப் பழித்துப் பழைய மறுகுக்கே மீள்வதும் இதற்கு வழியாகா. நெய்தார் பெயரும் ஊரும் வாங்குவார்க்குத் தெரிய வேண்டும். உடுத்தார் அச்சமின்றி மறுகில் நடக்க வேண்டும். இவ்விரண்டும் கூடிய இடத்தில் உடைப்பொலிவு முழுமை பெறும்.

மாணவர்க்கு ஒரு வேண்டுகோளோடு இதனை முடிக்கின்றோம். அடியார்க்குநல்லார் 36 துகிற்பெயர்களைத் தொகுத்து வைத்திராவிடின் அவற்றுட் பலவற்றின் பெயரையும் இன்று அறியோம். சுங்குடியின் முடிச்சு வகைகளுக்கும், தையற்காரர் வெட்டு வகைகளுக்கும், நடைபாதைக் கடையினர் துணித் தரங்களுக்கும் மதுரையில் வழங்கும் சொற்கள் இன்னும் வாய்மொழியிலேயே உள்ளன. அவற்றைக் கேட்டு எழுதிவைத்தல் முதுகலை மாணவர் எவர்க்கும் இயலும் பணி. கோரிப்பாளையத்திலிருந்து பாலத்தைக் கடந்து சென்றால் அச்சொற்களை உடையார் பலர் இன்றும் உளர்.